கோட்டுக்காக உருகியவன்

மறைமலைநகரில் கிளட்ச் பிளேட் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டான்லிக்கு வேலை. நல்ல பையன், நூறு கிலோவுக்கு மேல். கம்பெனி பஸ்ஸில் கால் கடுக்க நின்று வருவார்களே தவிர, அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவனுக்கும் ஜெனிட்டா என்று ஒரு பெண் அமைந்தது.

கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் படம் எடுக்காவிட்டால், சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்தாலும் இந்தக் காலத்தில் செல்லாது. மாமல்லபுரம் கடற்கரை, மே மாதம், கறுப்புக் கோட்டு என்று முடிவானது. கோட்டில் பொத்தான் எட்டவில்லை.

ஜெனிட்டா திட்டவில்லை. "பட்டனத் தொறந்தே வுடு. நான் முன்னால நின்னு மறைச்சிக்கிறேன்" என்றாள். அந்தக் கருணைக்கு அவளைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஜிம் மாஸ்டர் ஜெபக்குமார் மஞ்சள் மாத்திரை கொடுத்தார். "இன்னா வேணா துன்னு மச்சான், உள்ளயே எரிஞ்சிரும்."

அதில் பொய்யில்லை. நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்கிற எஞ்சின்கள் சோற்றை எரித்துச் சக்தியாக்குகின்றன. கைக்குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. அதனால் அதன் பழுப்புக் கொழுப்பில் இயற்கை ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. குளிரும்போது அது கிளட்சை மிதிக்கும். எஞ்சின் ஓடும், வண்டி நகராது, வெறும் சூடு பிறக்கும். குளிர் விட்டால் காலை எடுத்துவிடும். மாத்திரையும் கிளட்சைத்தான் மிதிக்கிறது, உடம்பு முழுக்க. காலை மட்டும் எடுக்காது. கிளட்ச் செய்கிறவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஸ்டான்லி வியர்த்தான், இளைத்தான், கொதித்தான். அவன் ஊரான செங்கல்பட்டே வைத்தியரானது. எல்லோரும் ஒரே குரலில் சூடு என்றார்கள். ஒருவர் நுங்கு என்றார், இன்னொருவர் வெந்தயம் என்றார். அம்மா செங்கம்மாள் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள்.

படமெடுக்கும் நாளில் பொத்தான் எட்டியது. உச்சி வெயிலில் ஜெனிட்டா அவன் கையைப் பிடித்துவிட்டு உதறினாள்.

"இன்னா இப்படிக் கொதிக்குது?"

"சூடுதான். எளநி குடிச்சா சரியாப்பூடும்."

கேமராக்காரர் இன்னும் இரண்டு படம்தான் என்றார். ஒன்றுதான் எடுக்க முடிந்தது. மணலில் விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். காய்ச்சல் மருந்து ஏற்றினார்கள். காய்ச்சலாக இருந்தால்தானே இறங்கும்? ஐஸ் கட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள், பையன் எவ்வளவு இளைத்துவிட்டான் என்று வியந்தார்கள். மாலையோடு வந்த ஜெபக்குமார் ஓரமாக நின்றார். ஸ்டான்லியோடு வேலை பார்த்த சின்னையன் தொப்பையைத் தடவியபடி அவரிடம் போனார்.

"அண்ணாத்த, அந்த மாத்தர இன்னும் கீதா?"

ஜெபக்குமார் சுற்றிலும் பார்த்தார்.

"கீது. வெளிய வா."