பிளம்பர் வீட்டு விசில்

சுவரில் காதை வைத்தாலே போதும், குழாயில் அடைப்பு எங்கே என்று சொல்லிவிடுவான் அந்த பிளம்பர். பதினெட்டு வருடத் தொழில். அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவானோ என்னவோ.

நான்கு மாத மகள், பால் குடித்த பத்தாவது நிமிடம் கக்குவாள். கக்கிவிட்டு உடம்பை வில்லாக வளைத்து அழுவாள். எடை ஏறவே இல்லை. அவனும் மனைவியும் முறை வைத்துக்கொண்டு அவளைத் தோளில் நிமிர்த்திப் போட்டு அரைமணி நேரம் நடந்தார்கள். பாலை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். சட்டையிலெல்லாம் புளித்த பால் வாடை. ஒருவரோடு ஒருவர் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மூச்சு இழுக்கும்போது மட்டும் அவளிடமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதனால் ‘விசில்’ என்று செல்லப்பெயர். அந்த வீட்டில் சிரிப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான்.

மனைவி பிடிவாதமாக மகளையும் அவனையும் வேறு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா வயிற்றை விட்டுவிட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்வாங்குவதையே பார்த்தார். பிறகு மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார்.

"மூச்சுக்குழாய் வாசல்ல சதை தொளதொளன்னு இருக்கும்மா. மூச்சு இழுக்கும்போது மடிஞ்சு அடைச்சுக்குது. பாப்பா முக்கி முக்கி இழுக்குறா. அந்த இழுப்புல வயித்து அமிலம் மேல வருது. அது பட்டுத் தொண்டை வீங்குது, இன்னும் அடைக்குது."

பிளம்பருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாடியில் கழிவுநீர்க் குழாய்க்குக் காற்று விடும் குழாய் அடைத்தால் கீழ்வீட்டு சிங்க்கில் நாற்றம் கிளம்பும். சிங்க்கையே தேய்த்துத் தேய்த்துக் கழுவியவர்களை அவன் எத்தனை முறை கிண்டலடித்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சரியாயிடுமா டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"சின்ன ஆபரேஷன், சரியாயிடும். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம். இந்தச் சத்தம் எப்போலிருந்து இருக்கு?"

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் போனை எடுத்து நீட்டினான். மகளின் விசிலை வேலையிடத்தில் காட்டுவதற்காக எடுத்த வீடியோக்கள், மொத்தம் ஆறு. முதலாவது, மகள் பிறந்த மூன்றாவது வாரத்தில் எடுத்தது. டாக்டரம்மா அதை ஓடவிட்டுக் காதருகே வைத்துக்கொண்டார்.

"மூச்சு சரியா கேக்கல. நடுவுல யாரோ சிரிக்கிறாங்க."

"நான்தான் டாக்டர்," என்றான்.