அன்னப்பூரணி அக்காவின் சத்தியக் கடதாசி

எங்கள் அடுத்த வீட்டு அன்னப்பூரணி அக்காவைப் பற்றி வாழைச்சேனையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய இடியப்பத்தைச் சொல்வார்கள், அடுத்ததாக வாயைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். துறைமுகப் பக்கம் இருக்கும் அக்ரமின் சாப்பாட்டுக் கடைக்கு விடியற்காலையில் இடியப்பம் கொடுக்கிறவர் அவர். கொடுத்துவிட்டுச் சும்மா வரமாட்டார். நேற்றைய சம்பலில் உப்புக் கூடிப்போனதென்று அக்ரமுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

அவருடைய கணவர் நல்லரத்தினம் கடதாசி ஆலையில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். பிள்ளை ஒன்றே ஒன்று, அதுவும் ஆண். எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்பைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்ணைப் பெற்றவளுக்கு வீடு நிறையும். ஆணை மட்டும் பெற்றவள் சோறு போட்டு வளர்த்து, ஆளாக்கி, இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டியதுதான். மகன் உதயரூபனும் அப்படித்தான் ஆரையம்பதியில் தனுஷியாவைக் கட்டி அங்கே போனான்.

அக்கா இலேசில் விட்டுக்கொடுக்கிற ஆளா? வருடா வருடம் வாக்காளர் படிவம் வரும்போது மகனின் பெயரைத் தன் வீட்டில்தான் எழுதுவார். அவனுடைய அடையாள அட்டையைப் புதுப்பித்தபோதும் தன் வீட்டு முகவரியையே கொடுக்க வைத்தார்.

“நிரந்தர முகவரி எண்டு கேட்டிரிக்கி. நிரந்தரம் எண்டால் பெத்த வீடுதானே கா?” என்று என்னிடம் வாதாடினார்.

மகனும் அம்மாவின் ஆசைதானே என்று விட்டுவிட்டான். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அப்போது அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

வினை கனடாவிலிருந்து வந்தது. உதயரூபன் அங்கே வேலைக்குப் போய், தங்கியிருக்க உரிமையும் கிடைத்து, மனைவியை ஸ்பொன்சர் செய்திருந்தான். நெடுநாள் காத்திருந்த பிறகு குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தனுஷியா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வந்தவள் நேரே என் வீட்டுக்குள் நுழைந்தாள். மாமியாரிடம் போகப் பயம்.

கடிதத்தில் இரண்டு சிக்கல்கள். தனுஷியாவின் வீட்டு முகவரி கடதாசிக்குக் கடதாசி மாறியிருந்தது. கலியாணப் பதிவில் ஆரைப்பற்றை என்ற பழைய ஊர்ப்பெயர், வங்கிப் புத்தகத்தில் ஆரையம்பதி, கரண்ட் பில்லில் அந்த வீதிக்கு முன்பிருந்த பெயர். ஆங்கிலத்தில் எழுதிய இடமெல்லாம் எழுதினவர் இஷ்டம். எல்லாம் ஒரே வீடுதான் என்று அந்த ஊர்க் கிராம சேவகர் எழுதிக் கொடுத்ததில் அது தீர்ந்தது. மற்றதுதான் தொண்டையில் முள். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் ஆரையம்பதியில் ஒன்றாக வாழ்ந்ததாகத் தனுஷியாவின் படிவம் சொல்கிறது. கணவனின் அடையாள அட்டையும் வாக்காளர் இடாப்பும் வெளிநாடு போக எடுத்த பொலிஸ் அறிக்கையும் அவன் வாழைச்சேனைவாசி என்கின்றன. அப்படியானால் இது மெய்யான கலியாணம்தானா என்று கேட்டிருந்தார்கள்.

“ஒண்டா இரிந்ததை எப்படி அக்கா காட்டுற? அவரிட அம்மா சத்தியக் கடதாசி தந்தாத்தான் சரி வருமாம். இல்லாட்டி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவாங்களாம்” என்றாள் தனுஷியா. கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. புருஷன் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான் என்று கனடாவில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவனைத் திட்டி என்ன பயன்? முகவரி கொடுத்தது நாங்கள்.

நான் தனுஷியாவை அழைத்துக்கொண்டு போனபோது அக்கா கிணற்றடியில் இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்ல, முழுவதையும் கேட்டார்.

“அப்ப, என்ட புள்ள இந்த வீட்டில இல்ல எண்டு நான் எழுதித் தரணும். அவன்ட கட்டில் கிடக்கு. உடுப்புக் கிடக்கு.”

“ஓம் மாமி” என்றாள் தனுஷியா.

எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்கா உரலைக் கவிழ்த்து வைத்து, முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தார். “எங்க போய் எழுதணும்?” என்று கேட்டார்.

சத்தியக் கடதாசி எழுதி உறுதிப்படுத்திக் கொடுக்கிற சமாதான நீதவான் அப்துல் கபூர் ஐயாவிடம் போனோம். அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். மகன் கலியாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டில் ‘நின்றார்’ என்று இருந்தது. அக்கா அப்படித்தான் சொன்னார். எங்கள் பேச்சில் நிற்கிறது வேறு, இருக்கிறது வேறு. விருந்துக்குப் போனவன் நிற்பான், குடித்தனம் நடத்துகிறவன் இருப்பான்.

கபூர் ஐயா பேனாவை மேசையில் வைத்தார். “தங்கச்சி, மகன் அங்க நிண்டவரா, இரிந்தவரா? அவங்க கேக்கிறது இதைத்தான்.”

அக்கா தனுஷியாவைப் பார்த்தார். தனுஷியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இரிந்தவன் எண்டு போடுங்க. கலியாணம் முடிச்சுப் போன நாள் துவக்கம் ஒரு ராவும் என்ட வீட்டில படுக்கல்ல. அதையும் போடுங்க.”

அந்தக் கடைசி வசனத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கபூர் ஐயா அதையும் எழுதினார். அக்கா கையெழுத்துப் போட்டார். ஓட்டோவில் திரும்பி வரும்போது தனுஷியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிக்கங்க மாமி” என்றாள்.

“என்னத்துக்கு மகள்? நான் பொய்யா சொன்னன்? பொய் எண்டால் இப்பிடி நோகாது.”

அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் வாய் அப்படி மூடியிருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

மாரி தொடங்கும் நேரத்தில் தனுஷியாவுக்கு விசா கிடைத்தது. மாமியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எனக்குத்தான் முதலில் போன் எடுத்தாள். “நீங்க சொல்லுங்க அக்கா, மறுகா நான் பேசுறன்” என்றாள். நான் போனபோது அக்கா மாக் குழைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை, எனக்கு அவரைத் தெரியும். மாப் படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்தார்.

“நல்லது கா” என்றார். “அவளெண்டாலும் அவனோட இரிக்கட்டும்.”