வெள்ளிக்கிழமையில் பூண்டு வாசம்

1979 மே மாத டைரியில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரே நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “மழை. கடல் ஏற்றம். கொட்டகையில் தண்ணீர். விளக்கு ஏற்றவில்லை.” அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

அப்போது மலேசியாவில், கிள்ளானில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருந்த சதுப்பு நிலத்தில் நானும் என் மைத்துனரும் அன்னாசி போட்டிருந்தோம். அன்னாசியை அதன் போக்கில் விட்டால் ஒரு செடி இப்போது பூக்கும், பக்கத்துச் செடி எப்போதோ பூக்கும். தீபாவளிச் சந்தைக்கு மொத்தமாகப் பழம் வேண்டுமென்றால் எல்லாம் ஒன்றாகப் பூக்க வேண்டும். அதற்குத்தான் கார்பைட் கல். விடியலில் ஒவ்வொரு செடியின் குருத்திலும் சிறு துண்டு போட்டால், அங்கே தேங்கிய பனித்தண்ணீரில் நனைந்து வாயு விடும். பூக்கச் சொல்லிச் செடிக்குள்ளேயே எத்திலீன் என்றொரு ஹார்மோன் ஊறுகிறது. கார்பைட் வாயு அதைப் போலவே வேலை செய்கிறது என்று பின்னாளில் படித்தேன். அதே வாயுவைக் கொளுத்தித்தான் பட்டறைகளில் இரும்பை வெட்டுகிறார்கள் என்பது முன்பே தெரியும்.

அன்று வேலை முடிந்து வந்தபோது மழை விட்டிருந்தது; பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பூண்டு வாசம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பூண்டு உரிப்பதில்லை. என் மனைவி அந்த வழக்கத்தை ஒரு வாரம்கூடத் தவறவிட்டவளல்ல.

வாசம் சாமி அறையிலிருந்து வந்தது. அவள் குளித்துவிட்டு உள்ளே நின்றாள். கையில் தீப்பெட்டி. அடுத்த அறைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. சாமி மேடைக்குக் கீழ்த்தட்டில் கார்பைட் டின். நனைந்த கார்பைட்டின் வாயுவுக்கும் பூண்டு வாசம்தான். கொட்டகையில் தண்ணீர் ஏறியதும், நனையக்கூடாத சாமான் என்று அவள்தான் தூக்கி வந்திருக்கிறாள். வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான். டின்னின் அடி துருப்பிடித்து ஓட்டையானதும், தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போயிருந்ததும் அவளுக்குத் தெரியாது.

“குச்சியக் கிழிக்காத,” என்றேன்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு ஏத்த வேணாங்கிறீங்களா?”

“புள்ளயத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்குப் போ. சுவிட்சத் தொடாத.”

என் முகத்தைப் பார்த்தவள் தீப்பெட்டியை வைத்துவிட்டுத் தொட்டிலுக்கு ஓடினாள்.

டின்னைத் தூக்கினேன். உள்ளே சோடா பொங்குவதுபோல் இரைச்சல். டின் சூடாக இருந்தது. அதைத் தோட்டத்தின் கடைசிக்குக் கொண்டுபோய் வைக்கும்வரை அந்தச் சூடு ஏறிக்கொண்டே இருந்ததாக நினைவு. திரும்பி வந்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் அவர் வாசலில் சிகரெட் பற்றவைத்தார். நான் குழந்தையின் முகத்தைக் கையால் மூடினேன்.

மைத்துனர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும், “சாமிக்கே வெடி வைக்கப் பாத்தியாக்கா? நல்லா இருக்கு லா,” என்று சிரித்தார். சிரித்தபடியே வீட்டுக்குள் போனவர், உடனே வெளியே வந்து எங்களோடு நின்றுகொண்டார்.

சாமி அறை ஜன்னலுக்கு வெளியே, தொட்டியில் மனைவி அழகுக்கு வளர்த்த அன்னாசிச் செடி ஒன்று இருந்தது. சின்னச் செடி, அதற்கு நாங்கள் கல் போட்டதே இல்லை. ஜூலையில் அதன் நடுவே சிவப்பாகப் பூ எட்டிப் பார்த்தது. அவளுக்கு அதில் சந்தோஷம். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் உள்ளங்கை சுட்டது. அன்று அந்த அறையிலிருந்து வெளியேறிய வாயுதான் அதைப் பூக்கவைத்ததா, தானாகவே பூத்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.