சர்க்கரை போட்ட மீன்

தேநீர்த் தம்ளரோடு வரும் சர்க்கரைக் கட்டியை ஹின்டா இரண்டு விரலால் தூக்கி, செத்த ஈயைப் போடுகிற மாதிரி பக்கத்து ஆளின் தட்டில் போட்டுவிடுகிறாள். மற்றவர்கள் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் வழியாகவே தேநீரை உறிஞ்சுவார்கள். "சக்கரை கடிக்கிற குதிரைங்களுக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்கு" என்பாள். அவள் நாக்குக்கு உறை தைக்க, தையல்காரியான அவளாலேயே ஆகவில்லை.

இஸ்ரேலில், ஹைஃபாவின் மேட்டுத் தெருவில் அவள் கடை. கால்சட்டை தைக்கிற வேகத்தில் யித்திஷ் மொழியில் பாட்டும் கட்டுவாள். தொப்பை பெருத்தவன் இடுப்பைப் பிரித்துத் தரச் சொன்னால், பைக்குள் அந்தத் தொப்பைக்கு நாலு வரி வாழ்த்து இருக்கும். ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்குள் வைத்துத் தைத்த பாட்டு, அவன் நடக்க நடக்கச் சிரித்ததாம். நம்பாதவர்கள் மாப்பிள்ளையைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை மாலை ஊர்ச் சங்கம்; அந்தத் தேநீர் அங்கேதான். போலந்தில் நாஜிகள் அழித்த அவர்களுடைய யூத ஊரில் மிஞ்சியது பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரும் சேர்ந்து ஊருக்கு ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறார்கள். செத்தவர்களுக்குக் கல்லறை கிடையாது; அச்சேறும் பெயர்தான் கல். தொகுக்கிறவர் ஃபைவல் வாத்தியார். அவரிடம் சேர்ந்த கவிதைகளில் எல்லாம் பனி, புகை, சாம்பல்.

"மறுபடியும் பனியா வாத்தியாரே? அட்டைக்கு ஒரு கம்பளி தச்சுக் குடுக்கட்டுமா?"

அந்த வாரம் கடைசிப் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. அவரவர் வீட்டுச் சாவுக்கு அவரவர் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஹின்டாவின் தங்கை பெர்லாவுக்கு எழுத ஹின்டாவை விட்டால் ஆளில்லை. அவள் நீட்டிய தாளைப் படித்துவிட்டு வாத்தியார் திருப்பி நீட்டினார்.

"மீன் குழம்புப் பாட்டு! நாம போடறது சமையல் புத்தகமா ஹின்டா?"

"முகாம்ல வேற என்னத்தப் பண்ணோம்? பசிச்சா வாயாலயே சமைப்போம். பெர்லா வாக்கப்பட்ட ஊர்ல மீனுக்குச் சக்கரை போடுவாங்களாம். நம்ம ஊர்ப் பொண்ணுக்குப் போன புத்தியப் பாருங்க!"

"கொஞ்சம் அழற மாதிரி எழுதேன். பேரப்பிள்ளைங்க படிக்கப் போவுதுங்க."

"அழற மாதிரி எழுதினா அவளை அடையாளம் தெரியாது. அவ சண்டைக்காரி. சத்தமாப் படிங்க. யாராவது ஒருத்தர் வேணாம்னாலும் நானே கிழிச்சுடறேன்."

வாத்தியார் ஒப்பாரிக் குரலில்தான் ஆரம்பித்தார்:

மீனே இல்லாச் சட்டியிலே
மிளகை அள்ளிப் போட்டேன் நான்;
சர்க்கரை எங்கே என்றாள் பெர்லா,
சட்டியைப் பிடுங்கி வைத்தேன் நான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு கிழவர், "சக்கரைதான் சரி!" என்று கத்தினார். ஹின்டா அவரை முறைத்தாள்.

ஒரே பலகையில் படுத்தபடி
ரெண்டு நாளாய்ப் பேச்சில்லை.
மூணாம் நாளு வரிசையிலே
இடப்பக்கம் போனாள் பெர்லா.
சர்க்கரையே போட்டுக்கோடி,
சட்டி உனக்குத்தான், பெர்லா.

முகாம் வரிசையில் இடப்பக்கம் அனுப்பப்பட்டவர்கள் உயிரோடு திரும்பியதில்லை என்று அந்த அறையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைக்குக் கட்சி பேசிய கிழவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். வாத்தியார் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அச்சுக்குப் போகிற தாள் கட்டுக்குள் வைத்து, நாடாவை இழுத்துக் கட்டினார்.

ஹின்டா பக்கத்துத் தட்டுக்குக் கை நீட்டி, தான் போட்ட கட்டியைத் திரும்ப எடுத்தாள். பல்லிடுக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே தேநீரை உறிஞ்சினாள்.