சத்தமாக யோசிப்பவர்கள்

ஷார்ஜா ரோலாவிலிருந்து துபாய்க்குப் போகும் காலை பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, போனில் ஓடும் வினாடி வினாவில் ஜெர்மன்காரர் ஒருவரின் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பேன். ஒட்டகம் நடக்கும்போது ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்து வைக்குமா, மாற்றி மாற்றி வைக்குமா என்று ஒருநாள் கேட்டார். பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு போட்டிக்கு வந்த ஒரு ஜெர்மன் அம்மாள் நான்கு நிமிடம் அந்த ஒட்டகத்தோடு மல்லுக்கட்டினாள். ஒட்டக தேசத்தில் ஆறு வருடமாக இருக்கும் எனக்கும் தெரியவில்லை. பக்கத்து சீட்டு பாகிஸ்தானிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “க்யா ஹுவா, பெஹன்?” என்றாள், என்ன ஆயிற்று என்று. கெட்ட செய்தி ஏதோ பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில், இது கேள்வி கேட்டுப் பதில் சொல்வது என்றேன். “அச்சா, இன்டர்வியூ!” என்று தலையாட்டினாள். அதற்கு மேல் விளக்க என் இந்தி பத்தாது.

நான் நாகர்கோவில்காரி. துபாய் அல் கூஸில் தொழிலாளர்கள் வரும் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கணவர் செல்வராஜ் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு ஆண்கள் மட்டும் தங்கும் கம்பெனி கேம்ப், எனக்கு ரோலாவில் நான்கு நர்ஸுகளோடு ஒரு ரூம். மகள் ரித்திகா நாகர்கோவிலில் என் அக்கா வீட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இப்படி மூன்று இடத்தில் கிடக்கும் குடும்பத்தை ஒரே வீட்டுக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி ஜெர்மனி. அங்கே ஒரு ஆஸ்பத்திரி எனக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டது. மொழித் தேர்வில் பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை ஃபெயில். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் பாஸ், பேச்சில்தான் போயிற்று. வேலையை விட்டுப் போகும் ஒருவருக்கு விருந்து வைக்க வேண்டும், இருவரும் கலந்து பேசுங்கள் என்று என்னையும் ஒரு எகிப்து டாக்டரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். “சனிக்கிழமை. கேன்டீனில்,” என்று பிழையில்லாத ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். “சரி,” என்றேன். சீக்கிரம் முடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு. நம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே? எழுந்து நில், பதிலைச் சொல், உட்கார். யோசிப்பதை வாய்விட்டுச் சொன்னால் “உளறாதே” என்று அதட்டு விழும்.

“வாயைத் தொறக்காம இருந்தியாக்கும்? எங்கிட்ட மட்டும் மணிக்கணக்கா பேசுத,” என்றார் செல்வராஜ் போனில். சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தார்கள். விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பேச்சு பழக, கிடைத்த ஜெர்மன் வினாடி வினா நிகழ்ச்சிகளையெல்லாம் போனில் இறக்கிவைத்துக்கொண்டேன்.

கறுப்பு வெள்ளைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றில் கோட்டு போட்டவர்கள் எதிரே இருப்பவரின் தொழிலைக் கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு குடும்பத்தோடு பார்க்கும் சனிக்கிழமை நிகழ்ச்சிகள் வந்தன. அப்புறம் நெஞ்சைப் படபடக்க வைக்கும் இசையும் நான்கு பதில்களும். இப்போது சாதாரண ஆட்களை ஒரு மகா கெட்டிக்காரர் துரத்துகிறார். விளக்கும் இசையும் மாறியிருக்கின்றன. தெரியாதவர் வாய்விட்டு யோசிப்பது மட்டும் மாறவில்லை. “இதுவாக இருக்கலாம், ஆனால் என் மாமா ஒருமுறை சொன்னார், இல்லை, அது வேறு...” என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். யாரும் அதட்டுவதில்லை. அவர்கள் திணறும்போது கூட வந்தவரின் முகத்தைக் கேமரா காட்டும். அந்த முகங்களுக்காகவும்தான் இத்தனை வருடமாக ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு கேள்வி விடாமல் அவர்களோடு முணுமுணுத்தேன்.

இரண்டாம் தேர்வுக்கு செல்வராஜ் லீவு போட்டு, ஃபேக்டரி சட்டையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். கதவில் பதித்த கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். கையில் போன், வீடியோ காலில் ரித்திகா.

“எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று தேர்வாளர் அம்மா ஆரம்பித்தார். முதல் தடவை “இந்தியா” என்று ஒரே சொல்லில் முடித்த கேள்வி. கதவுக் கண்ணாடியைப் பார்த்தேன். “அதை யோசிக்க வேண்டும்,” என்று ஜெர்மனில் தொடங்கினேன். “காலையில் ஷார்ஜாவிலிருந்து வந்தேன். ஆனால் அங்கே எனக்கு இருப்பது ஒரு கட்டில். கணவர் இருப்பது ராஸ் அல் கைமா, அங்கே நான் தங்க முடியாது. மகள் இருக்கும் ஊர்தான் என் ஊர் என்றால், இரண்டு வருடமாக நான் அங்கே போகவில்லை...” தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. நேரமாகிவிட்டது, அடுத்த பகுதிக்குப் போகலாம் என்று அவர்தான் மெதுவாகச் சொன்னார்.

பாஸ். விசாவுக்குக் காத்திருக்கிறேன். அதே பஸ், அதே ஹெட்போன். நேற்று பாகிஸ்தானிப் பெண், “இன்டர்வியூ பாஸ்?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போனைக் காட்டி, இன்னும் எதற்கு இது என்றாள். தேர்வாளர் அம்மா கேட்டதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்றேன். வெளியே பார்த்தேன். பஸ் ரோலாவைத் தாண்டியிருந்தது, துபாய் இன்னும் வரவில்லை.