முகப்பு அட்டையில் ஒரு திருத்தம்

அச்சகக்காரருக்குத் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை. தான் புத்திசாலி இல்லை என்பதுதான் அது. பள்ளிப் படிப்பையே இரண்டு தவணையில் முடித்தவர். அப்பா விட்டுப்போன அச்சகத்தில் பில் புத்தகமும் நோட்டீசும் அடித்துக் காலத்தை ஓட்டுபவர். அப்படிப்பட்டவர் மீத்திறன் குழந்தைகள் கல்விச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தப் பெருமை முழுக்க அச்சகத்தையே சேரும். குழுவுக்குள்ளேயே ஒரு அச்சகக்காரர் இருந்தால் சங்கத்தின் வேலை கெடு தவறாமல் முடியும் என்று தலைவி அம்மா திட்டம் போட்டார். இவரோ, ஒருவழியாகத் தன் திறமையையும் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பூரித்துப்போய், அன்று மாலையே 'நிர்வாகக் குழு உறுப்பினர்' என்று ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டார். அதில் நாற்பது செலவானது. மிச்சத்தின் பின்பக்கத்தில் அவர் மனைவி இன்றுவரை கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

குழு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் நூலக அறையில் கூடும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலிகள். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற தலைவி அம்மா, ஒரு குழந்தை மருத்துவர், இரண்டு பேராசிரியர்கள், இவர் என்று ஐந்து பேரும் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, மேதைகளை எப்படி வளர்ப்பது என்று பேசுவார்கள். சுவரில் கிறுக்கும் குழந்தை மீத்திறன் உள்ளதா, வெறும் வாலா என்று இரண்டு கூட்டம் பேசினார்கள். அச்சகக்காரருக்குப் பாதி புரியாது. அதனால் யாராவது தன் பக்கம் திரும்பினால், "இத கொஞ்சம் ஆழமாப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லி வைப்பார். ஐந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து உதிர்ந்த ஒரே கருத்து அதுதான். ஆனாலும் அவர் நிதானமாக யோசிக்கிறவர் என்று சங்கத்தில் நல்ல பெயர்.

இந்த நல்ல பெயருக்கு அடியில் ஒரு திருட்டு இருந்தது.

மகனுக்கு ஆறு வயதானபோது அவர் சங்கத்தின் விண்ணப்பம் ஒன்றை வாங்கிவந்தார். பையன் கணக்கில் கெட்டிக்காரன். கடைக்காரர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மீதிச் சில்லறையைச் சொல்லிவிடுவான். ஆறு கேள்விவரை பேனா ஓடியது. ஏழாவதில் நின்றுவிட்டது. 'உங்களை வியக்க வைத்த, உங்கள் குழந்தை கேட்ட ஒரு கேள்வியை எழுதுக.' பையன் அதுவரை கேட்டவை இரண்டே கேள்விகள். சாப்பாடு ரெடியா, ரிமோட் எங்கே. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகு அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆனால் அதைக் கேட்டது மகன் இல்லை, மகள். நாலு வயதில் அச்சகத்துக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷின் பக்கத்தில் நின்று அவள் கேட்டாள்: "அப்பா, நேத்துல இப்ப யாரு இருக்காங்க?"

மெஷின் ஓடும்போது பேசாதே, தள்ளிப் போ என்பதுதான் அன்று அவர் சொன்ன பதில். பிறகு ஒரு வாரம் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். ஆறு வருடம் கழித்து மகனின் விண்ணப்பத்தில் எழுதினார். எல்லாம் ஒரே வீட்டுச் சரக்குதானே என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். நாலு வயது என்பதைக்கூட மாற்றவில்லை. அந்த அளவுக்கு நேர்மை.

மகனுக்கு இடம் கிடைத்தது. மதிப்பெண் சுமார்தான், அந்தக் கேள்விதான் அசத்திவிட்டது என்று தலைவி அம்மாவே சொன்னார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பையன் பக்கத்து அறையில் தன்னைப் போன்ற கணக்குப் பைத்தியங்களோடு உட்கார்ந்து புதிர் போட்டான். வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகவே வாழ்ந்தான். மகளின் ரிப்போர்ட் கார்டில் வருடா வருடம் 'முயற்சி தேவை' என்று வந்தது. அவள் சுமார் ரகம் என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது.

இப்போது சங்கத்துக்குப் பத்து வயது. ஆண்டு மலர் போட வேண்டும். முகப்பு அட்டையில் அந்தக் கேள்விதான் வர வேண்டும், விழா மேடையில் பையன் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்று தலைவி அம்மா சொல்லிவிட்டார். பையனோ, "நான் எப்பப்பா இதக் கேட்டேன்?" என்று இரண்டு நாளாக நச்சரித்தான். சின்ன வயசு, உனக்கு மறந்திருக்கும் என்று சமாளித்தார். தனக்கு ஞாபக சக்தியே போய்விட்டதோ என்று பையன் பயந்துபோனான்.

அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது பதினைந்து வயது மகளின் வேலை. கால் கூடிப்போனதும் கொம்பு விட்டுப்போனதும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மலரின் கட்டு முழுவதும் அவளிடம் போயிருந்தது. அட்டையும் அதில் கிடக்கிறது என்பது இவருக்கு உறைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டு சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்தது. மேலே அட்டை. அதில் இப்படி இருந்தது: 'நேத்துல இப்ப யாரு இருக்காங்க? - நம் சங்கத்து மாணவன், வயது நான்கு.' அவள் அதில் ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தாள். 'மாணவன்' என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு செருகல் குறி. மேலே அவளுடைய குண்டுக் கையெழுத்தில், 'இன் அக்கா'.

அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அறை வாசலில் போய் நின்றார். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு. தள்ளிப் போன்னீங்க," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அது நல்ல கேள்வின்னு தெரிஞ்சுதானப்பா எழுதுனீங்க?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப எனக்கு வயசு பத்துதானே. எனக்கும் ஒரு ஃபாரம் வாங்கியிருக்கலாம்ல?"

ஆழமாகப் பார்க்க வேண்டிய விஷயம்தான். இத்தனை வருடத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே நின்றார். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் ஒரு வீரச்செயல் புரிந்தார். அதாவது, யாரிடமும் மூச்சு விடாமல், மகள் போட்ட திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் புதுப் பிரதி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். யாராவது கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம், கண்டுபிடிக்காவிட்டால் உண்மையும் அச்சேறியது, மகன் இடமும் தப்பியது என்பது அவர் திட்டம். தப்பினால்தான் உண்டு. ஏனென்றால் ஒவ்வொரு விண்ணப்பத்தின் அடியிலும், தவறான தகவல் தந்தால் சேர்க்கை ரத்து என்று கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தது அவரேதான்.

அட்டை ஒவ்வொரு கையாகப் போனது. நான்கு வயது அக்காவை யாரும் கவனிக்கவில்லை. மேதைகளைக் கண்டுபிடிக்கும் நால்வரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். பேராசிரியர்களில் ஒருவர் நிறம் எடுப்பாக இருக்கிறது என்றார். அச்சகக்காரருக்கு மூச்சு வந்தது.

"பையன் பேச்சு ரெடியா?" என்றார் தலைவி அம்மா. "அந்தக் கேள்வி எப்படித் தோணுச்சுன்னு அவனே சொன்னாப் போதும்."

பக்கத்து அறையிலிருந்து பையன் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஞாபக சக்தி போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் பையன். வீட்டில் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த மகளின் முகமும் கண்முன் வந்தது.

"அவனுக்குத் தோணலைங்க. என் பொண்ணுக்குத் தோணுனது," என்றார் அச்சகக்காரர். "நான்தான் அவன் பேர்ல எழுதிட்டேன். அட்டையத் திரும்பப் படிங்க."

அட்டை மறுபடி கைமாறியது. இந்த முறை எல்லாரும் படித்தார்கள். கடைசியில் மருத்துவர், "இத கொஞ்சம் ஆழமாப் பார்க்கணும்," என்றார்.

அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தாவிலும் அதே குட்டி நாற்காலிதான். அரை மணி கழித்துத் தீர்ப்பு வந்தது. அட்டை திருத்தியபடியே வரலாம், பையனின் மேடைப் பேச்சு மட்டும் கிடையாது; மற்றபடி நிபந்தனை இரண்டு. அடுத்த தேர்வில் பையன் மற்றவர்களோடு சேர்ந்து மறுபடி எழுத வேண்டும், தேறினால் இருக்கலாம். இவர் குழுவிலிருந்து விலகிவிட வேண்டும், ஆனால் மலரை அடித்துக் கொடுத்த பிறகு. இந்த இரண்டாவது நிபந்தனையைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது மகளைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வயதுக்கு மேல் விதி இடம் தராது என்று தலைவி அம்மா வருத்தத்தோடு சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையான ஆவலோடு கேட்டார்: "அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வேற என்னெல்லாம் கேட்டா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பதினோரு வருடத்தில் ஒரு கேள்விகூட ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொன்னார். தனக்கு ஞாபக மறதி இல்லை என்று தெரிந்ததும் பையனுக்குப் பரீட்சைகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் தயங்கித் தயங்கி மகளிடம் கேட்டார். அதற்குப் பிறகு நீ எதுவுமே கேட்கவில்லையா?

"நெறைய கேட்டேன்பா," என்றாள் அவள். "உங்ககிட்ட இல்ல. மெஷின் மாமாகிட்ட. அவருக்குத் தெரிஞ்சா சொல்லுவாரு. தெரியலன்னா தெரியலம்பாரு."

மெஷின் மாமா என்பவர் அச்சகக்காரரின் அப்பா காலத்திலிருந்து அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் மலருக்காக வேலை நடந்தது. அச்சகக்காரர் போய்ச் சேர்ந்தபோது அட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக வந்து விழுந்த அட்டைகளில் மாணவனின் அக்கா அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையைத் துழாவினார். எழுத வேறெதுவும் இல்லை. பழைய விசிட்டிங் கார்டுகள்தான் இருந்தன. ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு, என் பொண்ணு உங்களிடம் என்னெல்லாம் கேட்பாள் என்று கேட்டார்.

மெஷின் சத்தத்தில் மெஷின் மாமாவுக்குக் காது கேட்கவில்லை. இவர் பக்கத்தில் போய் மறுபடி கேட்டார். பெரியவர் மையைத் துடைத்துக்கொண்டு முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது நெறைய இருக்கு முதலாளி. மெஷின் ஓடுறப்ப சொல்லி முடியாது."

நாளைக் காலை மலரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாதி அட்டைகூட இன்னும் முடியவில்லை. அச்சகக்காரர் கை நீட்டி மெஷினை நிறுத்தினார்.