ஏறாத ரயிலின் டிக்கெட்

"விட்டுத் தொலை" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே பிடிவாதம் வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அதையே மூன்று பேர் சொன்னார்கள்.

திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் குடியிருக்கும் லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு பீகாரிலிருந்து வந்த ஒரு ஜோடியுடையது. அவன் எங்கள் கம்பெனியிலேயே துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டதால் தமிழ் நன்றாகவே பேசுவான். அவன் மனைவிக்கு "அக்கா", "சாப்டாச்சா", "வலிக்குது" இந்த மூன்றும்தான் தெரியும். முதல் பிரசவம், எட்டாவது மாதம். அம்மா வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான்தான். மொபைலில் பதிவு செய்து ஒரு முறை ஏமாந்திருந்ததால், கவுண்டரில் எடுத்த காகித டிக்கெட்தான் வேண்டும் என்றான். வரிசையில் நிற்க அவனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நான் போய் விடிகாலையிலிருந்து நின்றேன். பொழுது போகாமல் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை மூன்று தடவை படித்தேன். அவளுக்குக் கீழ் பெர்த் கிடைத்தது. அதை அவளிடம் சைகையில் சொன்னபோது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி திருப்பூருக்குப் பகல் பன்னிரண்டு பத்துக்கு வர வேண்டும். வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கேரளப் பக்கம் மழையில் தண்டவாளத்தில் மரம் விழுந்துவிட்டது, வண்டி தாமதம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டரைக்கு அவள் என் தோளைப் பிடித்தாள். "அக்கா, வலிக்குது" என்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பெட்டிகளை அவன் தூக்க, அவளை நான் தாங்கிப் பிடிக்க, ஒரு ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே எங்களை அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடவில்லை. நான் உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "குழந்தை இன்னைக்கே வந்துருமுங்க. ஆனா இன்னும் நேரம் ஆகும்" என்றார்.

நான் போனில் சொல்ல, ஒன்றே முக்காலுக்கு எங்கள் வீட்டுக்கார அம்மா, அதாவது லைன் வீட்டின் சொந்தக்காரர், பழைய சேலைகளும் ஃபிளாஸ்க்கில் வெந்நீருமாக வந்து சேர்ந்தார். அவர் உள்ளே நிற்க, மூச்சு விட வெளியே வந்தேன். வராந்தாவில் அவன் சுவரோரம் குந்தியிருந்தான். சட்டைப் பையில் டிக்கெட் எட்டிப் பார்த்தது. அப்போதுதான் சுவரில் படித்தது ஞாபகம் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி தாமதமாகி நாம் ஏறாவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வண்டி அந்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். மொபைலில் பார்த்தேன். வண்டி இப்போதுதான் பாலக்காட்டைத் தாண்டியிருந்தது.

"டிக்கெட்டக் குடு தம்பி. நான் போய் ஒப்படைச்சுட்டு வர்றன்."

"வேண்டாம் அக்கா, விடுங்க. இப்ப அது எதுக்கு?"

வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வார்டுக் கதவைத் திறந்தேன். அவரும், "போனாப் போகுது, உடு கண்ணு. புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்" என்றார்.

"அதுக்கு நீங்க இருக்கறீங்கல்லங்க. இதுக்கு ஆரு இருக்கறா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த டிக்கெட்டுக்காக அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தான் என்பது பக்கத்து மேஜையில் நின்ற எனக்குத் தெரியும். அவன் பையிலிருந்து நானே டிக்கெட்டை எடுத்துக்கொண்டேன். அவன் தடுக்கவில்லை.

ரிசர்வேஷன் கூடத்தின் கதவு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கிடையாதாம். சாதா டிக்கெட் கவுண்டரில் நின்று என் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"இங்க முடியாதுங்க. பயணிகள் சார்ட் போட்டாச்சு. விட்டுட்டு வேற வேலையப் பாருங்க" என்றார் உள்ளே இருந்தவர்.

"இங்க முடியாதுன்னா எங்க முடியுமுன்னு சொல்லுங்க, அங்க போறன்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, "ஸ்டேஷன் மாஸ்டரைப் பாருங்க" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பிரசவத்தைப் பற்றிச் சொன்னதும் போனை வைத்தார். நாற்காலியைக் காட்டினார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்து, "வண்டி மூணு அஞ்சுக்கு வரும்னு காட்டுதும்மா. அப்படின்னா ரெண்டு மணி அம்பத்தஞ்சு நிமிஷம்தான் லேட். மூணு மணி நேரம் தாண்டினாத்தான் முழுப் பணத்துக்கும் ரசீது எழுத முடியும்" என்றார்.

"தாண்டாட்டிங்க?"

"ஒண்ணும் கிடைக்காது."

"டிக்கெட்ட இப்பவே உங்ககிட்டக் குடுத்தர்றன். வாங்கின நேரத்த எழுதிக்குங்க. வண்டி வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கறன்."

அவர் நேரத்தைக் குறித்து வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து அவர் அறை வாசலிலேயே நின்றேன். பிளாட்பாரம் முழுக்க அந்த வண்டிக்கான கூட்டம். வெயிலில் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அத்தனை பேரும் வண்டி வரட்டும் என்று காத்திருக்க, நான் ஒருத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தபோது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்தவில்லை. மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் நின்ற ஒரு வடநாட்டு ஆள், "வண்டி எப்போ?" என்று கேட்டான். "வந்துருமுங்க" என்றேன். அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவன் காட்டிய டிக்கெட்டில் நான்கு பேருக்கு இரண்டு இடம்தான் உறுதியாகியிருந்தது.

மூன்று ஐந்து ஆனது. வரவில்லை. மூன்று பத்து. சிக்னல் விழவில்லை. அந்த நிமிடம் கடந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டேன். மூன்று இருபத்திரண்டுக்கு வண்டி உள்ளே வந்தது.

கூட்டம் பாய்ந்தது. நான் அந்த வடநாட்டு ஆளைத் தேடிப் பிடித்து, நான் எடுத்த டிக்கெட்டின் பெட்டி எண்ணையும் இரண்டு பெர்த் எண்களையும் விரலில் எண்ணிக் காட்டி, "காலி, காலி. டிடிஆர்கிட்டக் கேளுங்க" என்றேன். புரிந்ததோ இல்லையோ, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெட்டிப் பக்கம் ஓடினான்.

வண்டி நகர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் பிளாட்பாரத்திலேயே நின்றார். கிளம்பிய பிறகு எழுத முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். கடைசிப் பெட்டி போனதும் அவர் திரும்பி வந்து, "பயப்படாதீங்கம்மா. நீங்க குடுத்த நேரத்த முன்னாடியே குறிச்சிருக்கேன்" என்று சொல்லி ஒரு ரசீதை எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரை இல்லையே என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரையும் குத்தினார். இது பணமில்லை, இதோடு மனு எழுதிப் பத்து நாளுக்குள் சென்னை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விளக்கி, முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்று பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், செக்கிங் மேஜை மேல் வைத்து மனுவை எழுதினேன். ஆபீஸில் இருக்கும் பெண் இங்கிலீஷில் டைப் செய்து தருகிறேன் என்றாள். நடந்தது எனக்குத் தமிழில்தான் சொல்ல வரும் என்று சொல்லிவிட்டேன். ரசீதை நகல் எடுத்து வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மாதம் ஒன்று போனது, இரண்டு போனது. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: பயணியின் வங்கிக் கணக்கு விவரம் வேண்டும். அவனுடைய கணக்கு ஊரில் செயலிழந்து கிடந்தது. இங்கே புதிதாகத் திறக்க, முகவரிச் சான்றுக்காக வீட்டுக்கார அம்மாவிடம் கடிதம் வாங்கப் போனோம். "உன்னோட பெரிய ரோதனை கண்ணு" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

பணம் வந்த செய்தியை அவன் மெஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்குக் கொண்டுவந்தான். "அக்கா, இது அதுதானா?" என்று மொபைலை நீட்டினான். இருவரும் இரண்டு முறை படித்தோம். அதுதான். சூப்பர்வைசர் முறைத்ததால் சத்தமாகச் சிரிக்கக்கூட முடியவில்லை.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. அவ்வளவு சிறிய குழந்தையை இரண்டு நாள் ரயிலில் கொண்டுபோக அவளுக்குத் துணிவில்லை. அந்தப் பணத்தில் அவளுடைய அம்மாவை வரவழைத்தான். பீகாரை விட்டு வெளியே வந்தறியாத அந்த அம்மாள் கையில் ஒரு துணிமூட்டையோடு திருப்பூரில் இறங்கினார். மகளை ஒரு நிமிடம் அணைத்தார். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு அப்படியே பிளாட்பாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தியில் என்னவோ பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் எழுகிற வரைக்கும் துணிமூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.